பலகார எண்ணெயும் ஆயுள் கூட்டும் பொடியும்



சென்ற தீபாவளிக்கு முன்பு, என்னிடம் பாமாயில் டின் எடுத்து வந்த பலகாரக் கடைக்காரர் ஒருவர், "ஏனுங்ண்ணா, எண்ணெய் நாலு நாளைக்குக் கெடாம இருக்க ஒரு பொடி வந்திருக்குதாமுங்க, வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். அதே வாரம் ஒரு ஏஜெண்ட் அந்தப் பொடியைக் கொண்டு வந்தார். வெள்ளைப் பொட்டலம், நல்ல கமிஷன். ஆனால் தயாரிப்பாளர் பெயரும் இல்லை, பில்லும் இல்லை. நான் வாங்கவில்லை. கடைக்காரர் இப்போது டின்னையும் வேறிடத்தில் எடுக்கிறார். பண்ணாரி குண்டம் சமயத்தில் உங்களிடமும் இதே கேள்வி வரும் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

காய்ந்த எண்ணெயைக் கெடுப்பவை மூன்று: சூடு, காற்று, மாவிலுள்ள ஈரம். இதைத் தாமதப்படுத்த அனுமதிக்கப்பட்ட பொருள்கள் உண்டு. ஒன்று டி.பி.எச்.க்யூ., எண் 319. எண்ணெய் கிலோவுக்கு 200 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 15 கிலோ டின்னுக்கு 3 கிராம். மில்லிலேயே இதைச் சேர்த்திருக்கக்கூடும்; லேபிளில் 319 என்று இருக்கிறதா என்று பாருங்கள். அதன் மேல் கடைக்காரர் ஒரு ஸ்பூன் போட்டால் வரம்பு தாண்டிவிடும். இத்தனைக்கும் இது டின்னில் இருக்கும்போது காப்பதுபோல் வாணலியில் காப்பதில்லை. பொரிக்கும் சூட்டில் பெரும்பகுதி ஆவியாகிவிடும்.

மற்றொன்று நுரை அடக்கும் சிலிகோன், எண் 900. கிலோவுக்கு 10 மில்லிகிராம், அதாவது டின்னுக்கு 150 மில்லிகிராம். நம் மளிகைத் தராசில் இதை நிறுக்கவே முடியாது. இவையெல்லாம் ஆலையில் அளந்து சேர்க்க வேண்டியவை, கடையில் தூவ வேண்டியவை அல்ல.

மெக்னீசியம் சிலிகேட் போன்ற பொடி வேறு வகை. எண்ணெயில் உள்ள அமிலத்தையும் நிறத்தையும் உறிஞ்சும்; பிறகு வடிகட்டி எடுத்துவிட வேண்டும். நிறம் தெளிந்ததைப் பார்த்துப் புது எண்ணெய் என்று நம்புவதுதான் ஆபத்து.

2018 ஜூலை 1 முதல், மொத்த போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் பொரிக்கக் கூடாது என்பது சட்டம். இந்த அளவு கண்ணுக்குத் தெரியாது, மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு மொத்த வியாபாரியையும் சில்லறை வியாபாரியையும் பொறுப்பாக்குகிறது. யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத சரக்குக்கு நாமே பதில் சொல்ல வேண்டும்.

கடைக்காரருக்குச் சொல்ல வேண்டியது எளிது. பொரித்த தூளை அவ்வப்போது அரித்தெடுக்கச் சொல்லுங்கள். வாணலிக்கு மேலே உப்புத் தூவக் கூடாது. வியாபாரம் இல்லாத நேரத்தில் அடுப்பைத் தணித்து மூடி வைக்கலாம். செம்புப் பாத்திரம் வேண்டவே வேண்டாம். சூரியகாந்தியைவிடப் பாமாயில் சூடு தாங்கும். புகையும் நுரையும் அடங்காவிட்டால் அந்த எண்ணெய் முடிந்தது. அதைத் தள்ளுவண்டிக்காரருக்குக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடும் பழக்கம் நம் பக்கமும் உண்டு, மறைப்பதில் பயனில்லை. 2018 ஆகஸ்டில் தொடங்கிய ரூக்கோ திட்டத்தில் பயோடீசலுக்காக இதை விலை கொடுத்தே எடுத்துக்கொள்கிறார்கள்.