வரப்பில் நின்று பேசுவோம்

இயற்கை விவசாயத்தை நம்புகிறவன் நான். டெல்டா கிராமங்களில் நான் பேசுவதோ, யூரியா இல்லாமல் வெள்ளாமையே இல்லை என்பவர்களோடுதான் அதிகம். அந்தப் பேச்சு சண்டையாகாமல் பயனோடு முடிய எனக்குக் கைகொடுத்தவை இவை.

காரணத்தைக் கேளுங்கள்

“யூரியா நல்லதா, கெட்டதா?” என்று ஆரம்பித்தால் ஆளுக்கொரு கட்சியாகிவிடுவோம். “மேலுரம் எப்ப போடுறீங்க?” என்றால் விவரம் வரும். ஒரு பெரியவர் சொன்னார்: “பக்கத்து வயல் கருகருன்னு நிக்கிறப்போ என் பயிர் வெளுத்துக் கெடந்தா மனசு கேக்குமா தம்பி? குத்தகை நெல்லை யாரு அளக்குறது?” அவர் கவலை குத்தகை என்று தெரிந்ததும், மண்புழுப் பேச்சை விட்டுவிட்டு மகசூல் கணக்கைப் பேசினோம்.

எதிர்த்தரப்பு நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்

1966-ல் வந்த ஐ.ஆர்.8 நெல் ரகமும் ரசாயன உரமும் சேர்ந்து விளைச்சலைக் கூட்டின. 2021-ல் இலங்கை ரசாயன உர இறக்குமதியைத் திடீரென நிறுத்தியபோது நெல் விளைச்சல் சரிந்தது. அதே ஆண்டு நவம்பரில் தடையை விலக்கினார்கள். இதையெல்லாம் நானே முதலில் சொல்லிவிடுவேன். எதையும் மறைக்காமல் பேசுகிறவன் என்று தெரிந்தால், நம் பேச்சையும் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

பொதுவான அளவுகோலைத் தேடுங்கள்

எங்களுக்கு அது இலை வண்ண அட்டை. காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், வெயில் படாமல் நம் நிழலில், முழுதாக விரிந்த இளம் இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். அட்டையில் நிற எண் 4-க்குக் கீழே, வெள்ளைப் பொன்னி ரகம் என்றால் 3-க்குக் கீழே, இறங்கினால்தான் தழைச்சத்து தேவை. பெரியவரின் வயலில் இருவரும் குனிந்து இலை இலையாகப் பார்த்தோம். நிறம் இறங்கவில்லை. “மிஞ்சிப் போட்டா புகையான் பூச்சிதான் வரும்” என்று அவரே சொல்லி, யூரியா மூட்டையைப் பிரிக்காமல் வைத்துவிட்டார்.

நாலு பேர் முன்னால் மடக்காதீர்கள்

டீக்கடையில் வாயடைத்துப்போனவர் வயலில் எதையும் மாற்றமாட்டார். கௌரவம் விடாது. தனியாக, அவர் நிலத்தில் வைத்துப் பேசுங்கள்.

அடுத்த ஒரு வேலையில் ஒத்துப்போங்கள்

அவர் யூரியாவை விட்டுவிடவில்லை. நானும் என் வழியை விடவில்லை. ஆனால் அடுத்த நடவுக்கு முன் ஒரு மா நிலத்தில் பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதுபார்க்கச் சம்மதித்திருக்கிறார். ஒரே பேச்சில் ஒருவரை முழுதாக மாற்ற நினைக்காதீர்கள். சேர்ந்து செய்து பார்க்க ஒரு வேலை கிடைத்தால், பலனைப் பார்த்தபின் பேச இருவருக்குமே புதிதாக ஏதாவது இருக்கும்.