ஒலிவாங்கியும் மிடற்றோசையும்

இக்காலத்திலே பண்ணிசை பயிலும் சிறார் பலர் முதன்முதல் வாய்திறப்பது ஒலிவாங்கியின் முன்னரேயாம். சில ஆண்டுகளுக்கு முன் ஓராலயத்திலே ஓரிளைஞர் தேவாரம் ஓதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றது. அதுகாறும் கம்பீரமாய் ஒலித்த அவர் குரல் இரண்டாம் வரிசையிலிருந்த எமக்கும் எட்டவில்லை. அவர் அஞ்சிக் கத்தினார், சுருதி விலகிற்று, மூன்றாமடியிலே குரல் கம்மிற்று. பிழை அவர்மேலதன்று, பயிற்றிய முறைமேலது.

தூரம் எட்டப் பாடுதலும் உரத்துக் கத்துதலும் ஒன்றென எண்ணுதலே இதற்கு மூலம். வெட்டவெளியிலே தூரம் இரட்டித்தால் ஒலியின் செறிவு நாலிலொரு கூறாகும். இக்குறையைப் பலத்தால் மாத்திரம் நிரப்பப் புகுவோர் மிடற்றையே புண்ணாக்குவர். மேனாட்டு இசைநாடகப் பாடகர் பெரிய வாத்தியக்குழுவையும் கடந்து தங்குரலைக் கேட்பிப்பது எங்ஙனமென்பதைச் சுவீடன் தேசத்து யோகான் சுண்ட்பெர்க் 1970களில் ஆராய்ந்து விளக்கினார். வாத்தியக்குழுவின் ஒலி விநாடிக்கு 500 அதிர்வளவில் மிக்கு, மேலே செல்லச்செல்ல மெலியும். பயின்ற பாடகரோ மிடற்றின் மேற்பாகத்தை ஒழுங்குபடுத்தி 3000 அதிர்வளவிலே தங்குரலைச் செறிவிப்பர். நம் செவி மிகக் கூர்மையுடையதும் அப்பகுதியிலேயாம். அம்மிடற்றமைதி கமகம் நிறைந்த நம்மிசைக்கு அப்படியே பொருந்துமென்று யாஞ் சொல்லேம். ஆயினும் ஒலிவாங்கி எங்கும் பரவுமுன் பாடிய எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933) உயர்ந்த சுருதியிலே நாடகக்கொட்டகை முழுதுங் கேட்கப் பாடினாரென்பது பிரசித்தம்.

பயிலுமாறு கூறுவாம். தோளை உயர்த்தாது விலாப்புறம் விரிய மூச்சை வாங்கிச் சிறிது சிறிதாக விடுக. தாடையையும் நாவடியையும் இறுக்கற்க. தமக்கியன்ற சுருதியிலே அகாரசாதகஞ் செய்க. பிறர் சுருதியை விரும்பிக் கெட்டார் பலர். பின்பு ஆசிரியர் மண்டபத்தின் மறுகோடியிலே நின்று, ஒலி மாத்திரமன்றிச் சொல்லும் விளங்குகின்றதா எனக் கேட்க. தூரஞ் செல்வது உயிரெழுத்து. சொல்லை வேறறிவிப்பது மெய்யெழுத்து. கருங்கல் மண்டபத்திலே உரக்கப் பாடின் எதிரொலியும் உடனுரக்கும்; ஆதலின் ஆண்டு வேகத்தைக் குறைத்துச் சொல்லிறுதியைத் துலக்குக. தொண்டை நொந்தால் அன்றைக்கு நிறுத்துக.

ஒலிவாங்கியை யாம் பழிக்கின்றிலேம். மெல்லிய குரலையும் பெருஞ்சபைக்கு எட்டச்செய்தது அதுவே. அதற்குரிய பயிற்சி வேறு. இரண்டங்குலத்தினின்று நான்கங்குலம் விலகினும் அது கொள்ளும் ஒலி பெரிதுங் குறையும். சொன்முதற் பகரத்தின் காற்று வெடிபோற் கேட்குமாதலின் சிறிது பக்கமாக நின்று பாடுக. மிக அணுகினாற் சிலவகை ஒலிவாங்கிகள் தாழ்ந்த ஒலியை மிகைப்படுத்தும். பாடுவோர் அதனைத் தங்குரலின் கனமென மயங்குவர். முற்கூறிய இளைஞர் மயங்கியதும் இதனாலேயாம்.

அவர் பின்பு ஓராண்டு கருவியைத் தொடாது பயின்றார். இப்பொழுது விடியற்காலைப் பூசையிலே ஒலிபெருக்கியின்றி ஓதுகின்றார். வாயிற்படியில் நிற்போர்க்கும் சொல் விளங்குகின்றது.