ஈசிஜி தாளில் மணி எங்கே, தம்பி?

தம்பி,

கறம்பக்குடியிலிருந்து நீ அனுப்பிய அரளி விதைக் கேஸ் குறிப்பை இரண்டு முறை படித்தேன். அட்ரோபின், கரி இதையெல்லாம் என்னிடம் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோதே கரைத்துக் குடித்தவன் நீ. அதை விடுகிறேன்.

முதல் வரியிலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. ‘செடி விஷம்’ என்று எழுதியிருக்கிறாய். எந்தச் செடி? அந்தப் பெண்ணின் அம்மா மஞ்சள் அரளிக் காயை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தார் என்பது மூன்றாம் பக்கத்தில்தான் வருகிறது. ஒடுவந்தழை என்றால் பொட்டாசியம் இறங்கும். அரளி என்றால் ஏறும். ராத்திரியில் கேஸை வாங்கிக்கொள்கிற டாக்டர் உன் முதல் வரியைத்தான் படிப்பார்.

அடுத்தது ஈசிஜி. நான்கு தாள், ஒன்றிலும் மணி இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. அரளியில் பி-ஆர் இடைவெளி நீளும், துடிப்பு விட்டுவிட்டு விழும், பிறகு முழு அடைப்பு. சில சமயம் எந்த அறிகுறியும் காட்டாமல் கீழறை நடுங்கி நின்றுவிடும். படம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதை வைத்துத்தானே எப்போது அனுப்புவது என்று முடிவுசெய்கிறோம்? மணி இல்லாத தாளில் அதை எப்படிப் பார்ப்பாய்?

எண்பதுகளின் கடைசியில் எனக்கு ஒரு பையன் வந்தான். அட்ரோபினில் நாடி 80க்கு வந்ததும் மானிட்டரைக் கழற்றி அடுத்த கட்டிலுக்குக் கொடுத்தேன். காலையில் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டான். அவன் அப்பா தூக்குவாளியோடு திரும்பி வருவதற்குள் போய்விட்டான். அடைப்பு எப்போது விழுந்தது என்று தாள்களைப் பரப்பி வைத்துத் தேடினேன். ஒன்றிலும் மணி இல்லை. எழுதாதவன் நான்தான்.

அந்தக் காலத்தில்தான், 1988இல், யாழ்ப்பாணத்து அரளி கேஸ்கள் 170ஐ ஆராய்ந்த கட்டுரை வந்தது. 2000இல் லான்செட்டில் கொழும்பு ஆய்வு. டிஜாக்சினுக்கென்று செய்த முறிமருந்தை 34 பேருக்குக் கொடுத்ததில் 15 பேருக்கு இரண்டே மணி நேரத்தில் துடிப்பு சீரானது. கொடுக்காத 32 பேரில் இருவருக்குத்தான். அது விற்கிற விலைக்கு நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் எதிர்பார்க்க முடியாது. நமக்கு அட்ரோபின் உண்டு, கடிகாரம் உண்டு, பேஸ்மேக்கர் ஒயர் போடுகிற ஊருக்கு ரோடு உண்டு.

ஆனால் தம்பி, தஞ்சாவூருக்கு முன்கூட்டியே ஃபோன் பண்ணிவிட்டு, 108இல் நீயே ஏறி, ஒரு கை அவள் மணிக்கட்டில், மறுகையில் அட்ரோபின் ஏற்றிய சிரிஞ்சு என்று வழிநெடுக உட்கார்ந்து போயிருக்கிறாயே, அதைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. என் சர்வீஸ் முழுக்க நான் அப்படி ஒரு தடவைகூடப் போனதில்லை.

அவள் இப்போது எப்படி இருக்கிறாள்? அடுத்த கடிதத்தில் அதை முதல் வரியில் எழுது.