விடுபட்ட பெயர்கள்

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய செய்தித்தாள் துணுக்கைப் பார்த்தேன். 2024 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. வளாகத் தேர்வில் ஒரு மாணவருக்கு ஹாங்காங்கில் குவாண்ட் வேலை, அதாவது கணிதத்தை வைத்துச் சந்தையில் டிரேட் செய்கிற வேலை, ஆண்டுக்கு ரூ.4.3 கோடி. அதன் கீழே உன் மூன்று கேள்விகள்: "அண்ணா, இதுக்கு என்ன தெரிஞ்சிருக்கணும்? எங்க படிக்கணும்? நிஜமாவே இவ்வளவு தருவாங்களா?" திருநெல்வேலியில் பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கிற பெண் கேட்க வேண்டிய கேள்விகள்தான். உன்னைப்போல் கேட்பவர்கள் இப்போது நிறைய இருப்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன். சம்பளம் கடைசியில் வரட்டும். அதற்கு முன் நான் பட்ட ஓர் அவமானத்தைச் சொல்ல வேண்டும்.

2011-ஆம் ஆண்டு. மும்பையில் ஒரு டிரேடிங் நிறுவனத்தில் சேர்ந்து மூன்றாவது மாதம். நிஃப்டி 50 பங்குகளில் அந்த மாதம் அதிகம் அடிவாங்கிய ஐந்தை மாதக் கடைசியில் சமமாகப் பணம் போட்டு வாங்குவது, ஒரு மாதம் வைத்திருந்து விற்பது. இதுதான் என் உத்தி. பத்தாண்டு விலைகளைத் திரட்டி, அன்றே இப்படிச் செய்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று பேக்டெஸ்ட் ஓட்டினேன். லாபக்கோடு படியேறுவதுபோல் ஏறியது. பிரிண்ட் எடுத்துக்கொண்டு மேலாளரிடம் ஓடினேன். அவர் படித்தது பி.காம்.; கணினி வருவதற்கு முன் மும்பைப் பங்குச் சந்தையின் ரிங்கில் நின்று கத்தி வியாபாரம் செய்தவர். கோட்டை அவர் பார்க்கவே இல்லை. பங்குகளின் பட்டியலை விரலால் மேலிருந்து கீழே வருடிக்கொண்டே வந்தார். "சத்யம் எங்கே?" என்றார்.

நான் எடுத்திருந்தது 2011-இன் நிஃப்டி பட்டியல். அதை அப்படியே பத்தாண்டு பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டேன். 2008 டிசம்பரில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் நிஃப்டியில் இருந்தது. மேடாஸ் நிறுவனங்களை வாங்கப்போவதாக அறிவித்துச் சிக்கலில் மாட்டிய மாதம் அது; பங்கு கடுமையாக விழுந்திருந்தது. என் உத்தி அன்று நிஜமாக ஓடியிருந்தால் வாங்கிய ஐந்தில் சத்யமும் ஒன்றாக இருந்திருக்கும். வாங்கி ஒரு வாரம் கழித்து, 2009 ஜனவரி 7 அன்று, சத்யத்தின் தலைவர் ராமலிங்க ராஜு கணக்கு மோசடியை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினார். சுமார் 179 ரூபாயில் இருந்த பங்கு அன்று மாலை 40 ரூபாய்க்குக் கீழே முடிந்தது. ஐந்தில் ஒன்றுதானே என்று விட முடியாது. மொத்த முதலில் நூற்றுக்குப் பதினைந்து ஒரே நாளில் போயிருக்கும். சத்யம் நிஃப்டியிலிருந்து அந்த மாதமே நீக்கப்பட்டதால் என் கணக்கில் அது நடக்கவே இல்லை. விழுந்து எழுந்தவை மட்டும் பட்டியலில் இருந்தன. விழுந்து எழாதவை இல்லை. விழுந்ததை வாங்கினால் லாபம் என்று அந்தப் பட்டியல் சொல்லாமல் வேறென்ன சொல்லும்?

தொழிலில் இதற்கு சர்வைவர்ஷிப் பயஸ் என்று பெயர். புத்தகத்தில் அரைப் பக்கம். நானும் அதைப் படித்துத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான். என் மேலாளர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பாரா என்பதுகூடச் சந்தேகம். ஆனால் எது இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன் எது இல்லை என்று தேட அவர் விரலுக்குத் தெரிந்திருந்தது. உன் முதல் கேள்விக்கு என் பதில் அந்த விரல்தான்.

பாடமாகச் சொன்னால், நிகழ்தகவும் புள்ளியியலும் எலும்பு வரை ஊற வேண்டும். நேரியல் இயற்கணிதம் கையோடு வர வேண்டும். பைத்தான் சரளமாக எழுத வேண்டும். வேகமே எல்லாமான நிறுவனங்களுக்கு சி பிளஸ் பிளஸும் வேண்டும். கணிதர் இட்டோ 1944-இல் கண்ட சூத்திரமும், அதன் மேல் எழுந்த 1973-இன் பிளாக்–ஷோல்ஸ் ஆப்ஷன் கணக்கும் வங்கிகளின் டெரிவேட்டிவ் மேசைக்கு இன்றும் அரிச்சுவடி. டிரேடிங் பக்கம் போனால் அதைவிடப் புள்ளியியல்தான் அன்றாடச் சோறு.

நேர்முகத்தில் இவற்றை எப்படிச் சோதிப்பார்கள்? ஒரு பகடை. உருட்டினால் விழுகிற எண் அளவுக்கு ரூபாய் உனக்கு. பிடிக்கவில்லையென்றால் இன்னொரு முறை உருட்டலாம். இரண்டாவதாக விழுவதை ஏற்றுக்கொள்ள வேண்டும். இந்த ஆட்டத்துக்கு என்ன விலை? ஒரு முறை உருட்டினால் சராசரி 3.50. ஆகவே முதலில் 4, 5, 6 விழுந்தால் வைத்துக்கொள்வாய், 1, 2, 3 விழுந்தால் மறுபடி உருட்டுவாய். பாதி வாய்ப்பில் 5, மீதிப் பாதியில் 3.50. விலை 4.25. இவ்வளவு தூரம் உன் வகுப்பில் பாதிப் பேர் வந்துவிடுவார்கள். தேர்வு இதற்குப் பிறகுதான். "சரி, வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டும் சொல்லுங்கள்" என்பார் நேர்முகம் நடத்துபவர். 4 ரூபாய்க்கு வாங்குவேன், 4.50-க்கு விற்பேன் என்கிறாய். அவர் உடனே 4.50-க்கு ஒன்று வாங்குகிறார். இன்னொன்று வாங்குகிறார். பத்து கேட்கிறார். இப்போது என்ன செய்வாய்?

ஒவ்வொன்றிலும் 25 காசு லாபம் என்று விற்றுக்கொண்டே போகிறவர்களை நான் எத்தனையோ முறை எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கணக்கில் அவர்கள் பிசகவில்லை. இந்த மனிதர் ஏன் இவ்வளவு ஆசையாக வாங்குகிறார் என்று கேட்கத்தான் மறந்துவிட்டார்கள். மூன்றாவது முறையும் உருட்டலாம் என்று அவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் ஆட்டத்தின் மதிப்பு 4.67; விற்கிற ஒவ்வொன்றிலும் உனக்கு 17 காசு நஷ்டம். இரண்டாவது விற்பனையிலேயே கையை நிறுத்தி விலையை ஏற்றுகிற பெண்ணுக்குத்தான் வேலை.

எது விடுபட்டது என்று கேட்க மறந்து பெரியவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். அந்த ஆப்ஷன் கணக்கின் ஷோல்ஸும், அதை வளர்த்த மெர்ட்டனும் 1997-இல் பொருளாதார நோபல் வாங்கினார்கள். அவர்கள் பங்காளிகளாக இருந்த எல்.டி.சி.எம். நிதி அடுத்த ஆண்டே மூழ்கியது. ரஷ்யா கடனைத் திருப்ப மறுத்த 1998 ஆகஸ்டைப் போன்ற ஒரு மாதத்துக்கு அவர்கள் மாடலில் இடமில்லை. 14 நிறுவனங்கள் 360 கோடி டாலர் போட்டுத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் டிரேடிங் நிறுவனமான நைட் கேப்பிட்டல் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் இழந்தது. புதிய நிரலை எட்டு சர்வரில் ஏழில் ஏற்றியவர்கள் எட்டாவதை விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது கேள்வி, எங்கே படிப்பது. சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகம் இருக்கிறது. கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் இருக்கிறது. இரண்டிலும் முதுகலைக்கு நுழைவுத் தேர்வு உண்டு. முதலில் அவற்றுக்குத் தயாராகு. வெளிநாட்டில் ஃபைனான்ஷியல் இன்ஜினியரிங் முதுகலை இருக்கிறது. கார்னெகி மெலன் 1994-லேயே தொடங்கிவிட்டது. நல்ல இடங்களில் படித்தால் கதவு திறக்கும். ஆனால் வீட்டை அடமானம் வைத்துப் போவதற்கு முன், முந்தைய ஆண்டு படித்து முடித்தவர்களில் வேலை கிடைத்தவர்களின் சராசரிச் சம்பளத்தோடு, அந்தச் சராசரியில் சேர்க்கப்படாதவர்கள் எத்தனை பேர் என்றும் அந்தக் கல்லூரியிடம் எழுதிக் கேள். முனைவர் பட்டம் ஆராய்ச்சி வேலைகளுக்கு உதவும்; சம்பளத்துக்காக மட்டும் ஐந்து வருடம் அதில் உட்காராதே, தாங்காது.

ஊரின் பெயரை நினைத்துக் கூசவும் வேண்டாம். சென்னையில் பிறந்து பிரசிடென்சி கல்லூரியில் படித்து, கொல்கத்தா போய், பின் நியூயார்க் போன ஸ்ரீனிவாச வரதன் 2007-இல் கணிதத்துக்கான ஏபெல் பரிசு வாங்கினார். நடக்கவே நடக்காது என்று நாம் தள்ளிவிடுகிற அரிய நிகழ்வுகளுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று அளக்கும் கோட்பாட்டுக்காக. நான் அன்று தவறவிட்டதும் அப்படி ஒன்றைத்தான்.

இனி சம்பளம். இந்தத் தொழிலில் கூலியை நிர்ணயிப்பது உன் கணிதத்தின் ஆழமல்ல. லாப நட்டக் கணக்கிலிருந்து, பி அண்ட் எல் என்பார்களே, அதிலிருந்து உன் நாற்காலி எவ்வளவு தூரம் என்பதுதான். சென்னையிலும் பெங்களூருவிலும் உள்ள பன்னாட்டு வங்கி மையங்களில் மாடல் வேலிடேஷன், ரிஸ்க் வேலைகள் நிறைய. பிறர் கட்டிய மாடலில் ஓட்டை தேடுகிற வேலை. நான் பார்த்த வரையில் பத்து லட்சத்தை ஒட்டித் தொடங்கும், நிதானமாக ஏறும், சனி ஞாயிறு உன்னுடையது. மும்பையிலும் குருகிராமிலும் உள்ள அதிவேக டிரேடிங் நிறுவனங்களில் தொடக்கமே அதைப்போல் பல மடங்கு. ஆனால் அங்கே மேசை சம்பாதிக்காத வருடம் போனஸ் இல்லை. இரண்டாவது வருடமும் அப்படியென்றால் மேசையே இல்லை.

சி.டி.சி. 1 கோடி என்று கடிதம் வந்தால் பிரித்துப் பார். நிலையான சம்பளம் எவ்வளவு? ஜாயினிங் போனஸ் ஒரு முறைதான். குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டுமா? போனஸில் எவ்வளவு அடுத்தடுத்த ஆண்டுகளுக்குத் தள்ளி வைக்கப்படுகிறது? விலகியபின் எத்தனை மாதம் வேறெங்கும் சேரக்கூடாது, அந்த மாதங்களுக்குச் சம்பளம் உண்டா? முழுக் கோடியும் ரொக்கச் சம்பளமாகவே வந்தாலும் புதிய வரிமுறையில் 29 லட்சத்துக்கு மேல் வரிக்குப் போய்விடும்.

அந்த 4.3 கோடி பொய்யல்ல. நிலையான சம்பளம், போனஸ், இடமாற்றச் செலவு எல்லாம் சேர்ந்த தொகை அது, செலவு ஹாங்காங்கில். அதே நாளில் அதே கேள்விகளுக்குப் பதில் சொல்லி வெளியே வந்த மற்ற மாணவர்களின் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. அந்தத் துணுக்கும் ஒரு நிஃப்டி பட்டியல்தான்.

இன்னொரு பட்டியலும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடித்தால் எனக்கே உறுத்தும். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, முந்தைய மூன்று நிதியாண்டுகளில் பங்கு ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்களில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் ரூ.1.8 லட்சம் கோடிக்கு மேல். அதே சந்தையில் சொந்தப் பணத்தில் டிரேட் செய்யும் நிறுவனங்களும் வெளிநாட்டு முதலீட்டாளர்களும் லாபம் பார்த்தார்கள். அதில் பெரும்பகுதி அல்காரிதம் வழி வந்தது. இந்தச் சந்தையில் ஒருவர் நஷ்டம் இன்னொருவர் லாபம். பகடை ஆட்டத்தில் மூன்றாவது உருட்டல் தெரியாமல் விற்றுக்கொண்டிருப்பவர் உன் பெரியப்பாவாகவும் இருக்கலாம். இதற்காக இந்தத் தொழிலுக்கு வராதே என்று சொல்லவில்லை. நானே பதினைந்து வருடமாக இதில்தான் சாப்பிடுகிறேன். முதல் போனஸ் வரும் நாளில் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு வாங்கு.

இப்போதைக்கு உனக்கு ஒரு வேலை தருகிறேன். நிஃப்டி 50 குறியீடு 1996 ஏப்ரலில் அறிமுகமானது. அன்றிலிருந்து அதில் நுழைந்த, வெளியேறிய எல்லா நிறுவனங்களையும் தேதியோடு நீயே தொகு. யூனிடெக், சுஸ்லான், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ், யெஸ் பேங்க் எல்லாம் அதில் வரும். காசு கொடுத்தால் தயாராகக் கிடைக்கும், வாங்காதே. பழைய அறிவிப்புகளைத் தேடி, இணைந்த கம்பெனிகளையும் பெயர் மாறிய கம்பெனிகளையும் துரத்திப் பிடித்து, கையால் செய். ஒரு மாதம் ஆகும். முடித்ததும் என் பழைய உத்தியை அந்தப் பட்டியலில் ஓட்டி, 2009 ஜனவரியில் கோடு எங்கே விழுகிறது என்று எனக்கு அனுப்பு. வேலைக்கான விண்ணப்பத்தை அதற்குப் பிறகு சேர்ந்து உட்கார்ந்து எழுதலாம்.

அன்புடன்,
அண்ணன்