பிரேக் டப்பாவில் என்ன இருக்கிறது?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 48 செ.மீ. மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்து, பாகூர் கொம்யூனின் ஆற்றங்கரை ஊர்களுக்குள் புகுந்தது. வெள்ளத்தில் நின்ற காருக்கு இன்ஜின் ஆயில் மாற்ற வேண்டும், சீட்டைக் காயவைக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். பிரேக் ஆயில் டப்பாவை யாரும் நினைப்பதில்லை. அந்தச் சின்ன டப்பாவைப் பற்றி நம்மிடையே உலவும் நம்பிக்கைகள் சில உயிருக்கே ஆபத்தானவை.

நம்பிக்கை: எல்லாம் ஆயில்தானே, அவசரத்துக்கு எதை ஊற்றினால் என்ன?

பெரிய கேடு இங்கேதான் தொடங்குகிறது. டாட் 3, டாட் 4 என்று எழுதிய பாட்டில்களில் இருப்பது கிளைகால் வகைத் திரவம். அது மினரல் ஆயில் இல்லை. மாஸ்டர் சிலிண்டரிலும் சக்கரங்களிலும் உள்ள ரப்பர் வாஷர்கள் அந்தத் திரவத்துக்கென்றே செய்தவை. அவற்றின் மேல் இன்ஜின் ஆயிலோ, பவர் ஸ்டீயரிங் ஆயிலோ, டீசலோ, மண்ணெண்ணெயோ பட்டால் ரப்பர் ஊதிக் கொழகொழத்துவிடும். கொஞ்சம் கலந்தாலே போதும். இன்ஜின் ஆயில் ஊற்றிய புனலைத் துடைத்துவிட்டு அதிலேயே பிரேக் ஆயில் ஊற்றுகிறார்கள். கழற்றிய சிலிண்டரை மண்ணெண்ணெயில் அலசி மாட்டுகிறார்கள். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆனால் ரப்பருக்கு அது தெரியாது.

ஊதிய வாஷர் என்ன செய்யும்? மாஸ்டர் சிலிண்டரில் டப்பாவோடு சேரும் ஊசித்துளை ஒன்று உண்டு. பெடலிலிருந்து காலை எடுத்ததும் அழுத்தம் அந்த வழியாகத்தான் டப்பாவுக்குத் திரும்ப வேண்டும். ஊதிய வாஷர் துளையை மூடிக்கொள்ளும். ஓட ஓடச் சூடேறி உள்ளே திரவம் விரிகிறது, போக வழியில்லை, பிரேக் தானாகவே இறுகுகிறது. வண்டி இழுக்கும், ரிம் தொட முடியாதபடி சுடும், கருகல் வாடை வரும். நிழலில் நிறுத்தி ஆறவிட்டால் பிடி தளர்ந்துவிடும். அதனால்தான் பலர் "ஒண்ணுமில்லை, சரியாயிடுச்சு" என்று மறுபடி ஓட்டுகிறார்கள்.

சந்தேகம் வந்தால் முதலில் டப்பா மூடியைக் கழற்றுங்கள். பல வண்டிகளில் மூடிக்கு அடியில் மெல்லிய ரப்பர் இருக்கும். அது நெளிந்து பெரிதாகி, பழைய இடத்தில் உட்கார மறுத்தால் எண்ணெய் கலந்திருக்கிறது என்பது ஏறக்குறைய உறுதி. அடுத்து, புது சிரிஞ்சால் டப்பாவின் மேற்பரப்பிலிருந்து கொஞ்சம் எடுத்து, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து அதில் விடுங்கள். பிரேக் ஆயில் தண்ணீரோடு கரைந்துவிடும். எண்ணெய் இருந்தால் மேலே வட்டவட்டமாக மிதக்கும். பெயின்டில் சொட்டிவிடாதபடி பாருங்கள். சொட்டினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.

சக்கரம் பிடித்திருக்கும்போதே மெக்கானிக் செய்ய வேண்டிய சோதனையும் உண்டு. வண்டி உருளாதபடி கட்டை கொடுத்துவிட்டு, மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு பிடித்திருக்கும் நட்டுகளைத் தளர்த்தி லேசாக முன்னால் நகர்த்த வேண்டும். அப்போதே சக்கரம் விட்டால், குறை பெடல் ராடின் அட்ஜஸ்ட்மென்ட்டில் இருக்கிறது. விடாவிட்டால் மாஸ்டரிலிருந்து போகும் பைப்பைத் தளர்த்த வேண்டும். அங்கே விட்டால் மாஸ்டரில்தான் கோளாறு. அங்கும் விடாமல் சக்கரத்தில் பிரேக்கின் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறக்கும்போது விட்டால், இடையிலுள்ள ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்திருக்கிறது. நிப்பிளிலும் விடாவிட்டால் காலிப்பர் பிஸ்டன் இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். இந்த வரிசையில் போனால் தேவையில்லாமல் பாகம் மாற்றும் செலவு மிச்சம்.

நம்பிக்கை: ஏர் எடுத்தால் எல்லாம் சரியாகும்.

பைப்பில் காற்று இருந்தால் பெடல் மெத்தென்று இறங்கும், பிரேக் பிடிக்காது. பிரேக் விடாமல் பிடித்திருப்பதற்கும் காற்றுக்கும் சம்பந்தமில்லை. எண்ணெய் கலந்தது உறுதியானால், பழையதை வெளியேற்றிப் புதியதை நிரப்புவது மட்டும் போதாது. எண்ணெய் குடித்த ரப்பர் பழைய நிலைக்கு வராது. மாஸ்டர் கிட், சக்கரத்து வாஷர்கள், ஹோஸ்கள் என ரப்பர் உள்ளதெல்லாம் மாற்ற வேண்டும். ஏபிஎஸ் உள்ள வண்டியில் அந்த யூனிட்டும் கணக்கில் வரும். செலவு பெரியது, மறுக்கவில்லை. ஆனால் இதில் பாதி வேலை என்று ஒன்று கிடையாது.

நம்பிக்கை: கறுத்திருந்தால் கெட்டது, தெளிந்திருந்தால் நல்லது.

நிறத்தை வைத்து மட்டும் தீர்ப்பு சொல்ல முடியாது. நீர் கோத்த பிரேக் ஆயில் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும். கிளட்சும் இதே திரவத்தில் இயங்கும் வண்டிகளில், கிளட்ச் பக்கத்துத் திரவம் வாஷர் தேய்ந்த துகளால் சீக்கிரமே கறுத்துவிடும். மாருதி 800, ஆல்டோ போன்றவற்றில் கிளட்ச் கேபிளில் இயங்குவதால் இந்தத் தொல்லை இல்லை. பொலீரோ போன்றவற்றில் ஹைட்ராலிக். சில கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் டப்பா ஒன்றே. அதில் தவறாக ஊற்றினால் இரண்டும் கெடும். கிளட்ச் பெடல் பாதியில் தங்குவது, ரிவர்ஸ் போடும்போது கியர் கரகரப்பது இரண்டும் கவனிக்க வேண்டிய குறிகள்.

நம்பிக்கை: வண்டி அதிகம் ஓடவில்லை, எங்கள் ஊரில் மலையும் இல்லை, மாற்ற வேண்டாம்.

வண்டி ஓடாமல் நின்றாலும் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கடலோரக் காற்றும் ஐப்பசி, கார்த்திகை மழையும் உள்ள நமக்கு இது கூடுதல் கவலை. தர அளவுப்படி புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. சுமார் 3.7 சதவீதம் நீர் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 140 ஆக இறங்குகிறது. டாட் 4-க்கு 230, 155. வில்லியனூர்ச் சாலையில் இந்த வேறுபாடு தெரியாது. குடும்பத்தோடு திருப்பதி போய் மலையிறங்கும்போதோ, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதோ தெரியும். சூட்டில் உள்ளே ஆவி உண்டாகி, பெடல் தரைவரை போகும். வண்டி ஆறியதும் பெடல் பழையபடி நிற்கும், ஷெட்டில் கோளாறே பிடிபடாது. பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. உங்கள் வண்டிக் கையேடு வேறு சொன்னால் அதன்படி. டப்பா வரை தண்ணீர் ஏறிய வண்டியென்றால் கெடு பார்க்காமல் மாற்றிவிட வேண்டும்.

டப்பாவில் அளவு குறைந்தால் ஊற்றி நிரப்பினால் போதும் என்பதும் தவறு. பிரேக் பேடு தேய்ந்தாலும் அளவு இறங்கும், கசிவு இருந்தாலும் இறங்கும். எது என்று பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

அடுத்த முறை சர்வீசுக்கு விடும்போது, டப்பா மூடியில் எழுதியுள்ள டாட் எண்ணைப் படித்துக்கொள்ளுங்கள். சீல் உடைக்காத பாட்டிலை உங்கள் கண்ணெதிரே திறக்கச் சொல்லுங்கள். மீந்ததைப் பாதிப் பாட்டிலாக வைத்திருந்து அடுத்த வருடம் ஊற்ற விடாதீர்கள். எடுத்த பழைய ஆயிலை வாய்க்காலில் கொட்டவும் விடாதீர்கள். அந்த வாய்க்கால் தண்ணீர்தான் நம் வயலுக்குப் போகிறது.