வார்டுக்கு வரும் நாய்: வேலை செய்வது நாயா, கூட வரும் ஆளா?

ஆஸ்பத்திரி கட்டிலில் ஒரு நாய் படுத்திருக்கும், நோயாளி அதைத் தடவிக்கொண்டே சிரிப்பார். இந்த மாதிரி ரீல்ஸ் நம்மில் பலர் பார்த்திருப்போம். பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு அடுத்த கேள்வி வரணும்: அந்த நாயால் உண்மையில் ஏதாவது மாறுகிறதா? மாறினால், அதை எப்படி அளந்தார்கள்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய் சர்வீஸ் நாய். அது ஒரே ஒருவருக்காகப் பயிற்சி பெற்றது. தெரபி நாய் வேறு. பெரும்பாலும் அது ஒரு தன்னார்வலரின் வீட்டு நாய்தான். சாதுவான குணமா என்று சோதித்த பிறகு, அவரோடு சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளையும் ஊழியர்களையும் பார்த்துவிட்டு வரும். அவ்வளவுதான் அதன் வேலை.

கேபிள் இழுத்த நாய்

1944, இரண்டாம் உலகப் போர் சமயம். நியூ கினியாவில் இருந்த பில் வின் என்ற அமெரிக்க ராணுவ வீரரிடம் ஸ்மோக்கி என்ற யார்க்‌ஷயர் டெரியர் இருந்தது. எடை 2 கிலோகூட இல்லை. வின் டெங்கு காய்ச்சலோடு ராணுவ ஆஸ்பத்திரியில் படுத்தபோது, நண்பர்கள் ஸ்மோக்கியை அங்கே கொண்டுவந்தார்கள். அதைப் பார்த்த நர்சுகள், காயம்பட்ட மற்ற வீரர்களிடமும் கூட்டிப்போகலாமா என்று கேட்டார்கள். மேயோ கிளினிக் குடும்பத்தைச் சேர்ந்த டாக்டர் சார்லஸ் மேயோ அதற்குச் சம்மதித்தார். பதிவான முதல் தெரபி நாய் என்று ஸ்மோக்கியைத்தான் பலரும் சொல்கிறார்கள். நம்ம துறைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பிலிப்பைன்ஸில் ஒரு விமான ஓடுபாதைக்கு அடியில், சுமார் 21 மீட்டர் நீளக் குழாய் வழியாகத் தகவல்தொடர்பு கம்பியை இழுத்துக்கொண்டு போனதும் இதே ஸ்மோக்கிதான்!

நல்ல கதை. ஆனால் கதை ஆதாரம் ஆகாது. வீரர்கள் சந்தோஷப்பட்டது நாயைப் பார்த்தா, அல்லது யாரோ ஒருத்தர் தேடிவந்து பேசினாரே என்றா?

பீக்கர் எடையைக் கழிக்கணும்

கெமிஸ்ட்ரி லேபில் ஒரு பொருளை எடைபோடும்போது, பீக்கரின் எடையைக் கழித்துவிட்டுத்தான் கணக்கு எழுதுவோம். இங்கே நாய்தான் பொருள். கூட வரும் மனிதர் பீக்கர்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் ஆஸ்பத்திரியில் செய்த ஆய்வு இதைச் சரியாகச் செய்தது. 2007ல் முழுக் கட்டுரையாக வெளிவந்தது. இதயச் செயலிழப்போடு அனுமதிக்கப்பட்ட 76 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்குத் தன்னார்வலரும் நாயும் 12 நிமிடம் வந்தார்கள். இரண்டாவது குழுவுக்குத் தன்னார்வலர் மட்டும். மூன்றாவது குழுவுக்கு யாரும் வரவில்லை, வழக்கமான கவனிப்பும் ஓய்வும்தான்.

பதற்றத்தை அளக்கும் மதிப்பெண் முதல் குழுவில் 24% குறைந்தது, இரண்டாவதில் 10%, மூன்றாவதில் மாற்றமே இல்லை. மன அழுத்தத்தின்போது சுரக்கும் எபிநெஃப்ரின், அதாவது அட்ரினலின், முதல் குழுவில் சுமார் 17% இறங்கியது, இரண்டாவதில் 2%. மூன்றாவதில் 7% ஏறியது.

இப்போது கழித்துப் பாருங்கள். பதற்றத்தில் நாயின் பங்கு 24 இல்லை, 14தான். மீதி 10 மனிதர் வந்து உட்கார்ந்ததால் கிடைத்தது. அந்த இரண்டாவது குழு இல்லாமல் போயிருந்தால், முழு 24ஐயும் நாயின் கணக்கிலேயே எழுதியிருப்போம்.

2022ல் வெளியான ஒரு கனடா ஆய்வில் இந்தப் பிரச்சினை அப்படியே இருக்கிறது. சாஸ்கடூன் நகர ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில், தெரபி நாய் 10 நிமிடம் வந்துபோன பிறகு நோயாளிகள் வலி குறைந்ததாகச் சொன்னார்கள். நல்ல செய்திதான். ஆனால் ஒப்பீட்டுக் குழுவுக்கு மனிதரும் வரவில்லை, நாயும் வரவில்லை. பீக்கரோடு சேர்த்து எடைபோட்ட மாதிரி.

டாக்டர், நர்சுகளுக்கு?

வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005ல் வெளியிட்ட சின்ன ஆய்வு இது. 20 மருத்துவ ஊழியர்களை எடுத்துக்கொண்டார்கள். சிலருக்கு நாயோடு 5 நிமிடம், சிலருக்கு 20 நிமிடம், மற்றவர்களுக்கு 20 நிமிடம் சும்மா அமைதியான ஓய்வு. நாயோடு இருந்த இரண்டு குழுக்களையும் சேர்த்துப் பார்த்தபோது, கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் குறைந்திருந்தது. '5 நிமிடம் நாயோடு இருந்தால் ஸ்ட்ரெஸ் போகும்' என்று தலைப்புப் போட இது போதும்.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு வரியும் உண்டு. மூன்று குழுக்களையும் ஒப்பிட்டபோது குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. 20 பேரை மூன்றாகப் பிரித்தால் ஒரு குழுவுக்கு ஆறேழு பேர்தான். அதனால் வித்தியாசம் தெரியவில்லை என்பதற்காக, வித்தியாசமே இல்லை என்று முடிவுகட்ட முடியாது. நாய் ஓய்வை விட மேல் என்றும் இதை வைத்துச் சொல்ல முடியாது.

இது வெறும் புள்ளியியல் விளையாட்டு இல்லை. நைட் டியூட்டி பார்க்கும் நர்சுக்கு உட்கார நேரமே கொடுக்காத நிர்வாகம், மாதம் ஒருமுறை நாயை வரவழைத்துப் போட்டோ எடுத்துவிட்டு 'ஊழியர் நலன்' என்று எழுதிவிடலாம். ஓய்வுக்குப் பதில் நாய் போதும் என்று இந்த ஆய்வு எங்கேயும் சொல்லவில்லை.

சும்மா கூட்டிப்போக முடியாது

நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் இருக்கும் இடம் என்பதால் விதிகள் கறாரானவை. அமெரிக்கத் தொற்றுத்தடுப்பு வல்லுநர் சங்கம் 2015ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நாய்க்கு ஒரு வயதாவது ஆகியிருக்கணும். பச்சை இறைச்சி சாப்பிடும் நாய்க்கு அனுமதி இல்லை. தொடுவதற்கு முன்னும் பின்னும் கைகளைச் சுத்தம் செய்யணும். ஒரு முறை வந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நாயும் களைத்துப்போகும் இல்லையா?

ஆக, தலைப்பில் கேட்ட கேள்விக்கு விடை: இரண்டும்தான். நாய் வந்தால் கூடுதல் பலன் உண்டு என்பதற்கு லாஸ் ஏஞ்சல்ஸ் ஆய்வு நல்ல ஆதாரம். அதே ஆய்வில், நாய் இல்லாமல் வெறுங்கையோடு வந்த மனிதரும் 10% பதற்றத்தைக் குறைத்திருக்கிறார். தெரபி நாய் எல்லா ஊரிலும் கிடைக்காது. ஆனால் அட்மிட் ஆகியிருக்கும் நண்பன் பக்கத்தில் 12 நிமிடம் உட்கார்ந்து பேச யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம், விசிட்டிங் டைமில் போனால் போதும். போகும்போது கையை மட்டும் கழுவிக்கொள்ளுங்கள்.