பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும்?
(ஹளானத் பற்றிய பாடம்)

 

பிள்ளைச் செல்வம் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். கணவனும் மனைவியும் கூடி வாழும் வரை அந்த அமானிதம் யார் கையில் என்ற கேள்வி எழுவதில்லை. தலாக் ஆகி, இருவரும் ஆளுக்கொரு திசை போகும்போதுதான் எழுகிறது. அவ்வேளையில் நம் பெரியவர்கள் செய்துவிடும் ஒரு தவற்றை எடுத்துச் சொல்லவே இதை எழுதுகிறோம். அத்தவற்றை நாமும் செய்திருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் இங்குள்ள தேயிலைத் தோட்டத்துக் குடும்பம் ஒன்றில் பிரிவு வந்தது. நான்கு வயதுப் பெண் குழந்தை. நாமும் இன்னும் மூவரும் நமது கடையில் உட்கார்ந்து பேசினோம். தாய்க்கு வருமானம் சொற்பம். தகப்பனுக்கு ஈப்போவில் நல்ல வேலை. ஆகவே பிள்ளை தகப்பனிடம் என்று தாளில் எழுதினோம். அச்சகோதரி வாய் திறவாமல் கையொப்பமிட்டார். நியாயம் செய்துவிட்டதாகவே எண்ணினோம். பிறகு ஆலிம் ஒருவரிடம் விவரம் சொன்னபோதுதான், மார்க்கத்துக்கு மாறாக நடந்துகொண்டோம் என்று தெரிந்து தலை குனிந்தோம்.

மார்க்கம் கூறுவது என்ன? ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் அன்சாரிப் பெண்மணி ஒருவரை மணந்து பிரிந்தார்கள். ஒருநாள் குபாவில் பள்ளிவாசல் முற்றத்தில் தம் மகன் ஆஸிம் விளையாடுவதைக் கண்டு, தூக்கித் தம் வாகனத்தில் வைத்துக்கொண்டார்கள். பிள்ளையின் பாட்டி பின்தொடர்ந்து வந்து வழக்காடினார். கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் பிள்ளையைப் பாட்டியிடமே விடும்படி தீர்ப்பளித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் மறுவார்த்தை பேசவில்லை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இச்சம்பவம் காணப்படுகிறது. உமரைவிடச் செல்வாக்குள்ள தகப்பன் நம்மில் யார்?

இனி நம் மாநிலச் சட்டத்தைப் பார்ப்போம். பகாங் மாநிலத்து 2005 ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டத்தின்படி ஷரீஅத் நீதிமன்றமே இதைத் தீர்மானிக்கிறது. பிள்ளையின் நலனே அங்கு முதன்மை.

முதலாவது: சிறு பிள்ளையை வளர்க்கும் உரிமையில் தாய்க்கே முதலிடம். தாய் இல்லையேல், அல்லது தகுதி இழந்தால், தாயைப் பெற்ற பாட்டி. அதற்குப் பிறகே தகப்பன். இது ஆண் பிள்ளைக்கு 7 வயது வரை, பெண் பிள்ளைக்கு 9 வயது வரை. தாய் கேட்டுக்கொண்டால் நீதிமன்றம் முறையே 9, 11 வயது வரை நீட்டலாம். அதன்பின் உரிமை தகப்பனுக்கு. ஆயினும் விவரம் அறிந்த பிள்ளை தான் யாருடன் இருப்பது என்று தெரிவு செய்யலாம். நீதிமன்றம் வேறு விதமாக உத்தரவிட்டாலன்றி அதுவே நிற்கும்.

இரண்டாவது: தாயின் வறுமை அவர் உரிமையைப் பறிக்காது. பிள்ளை யாரிடம் இருந்தாலும் உணவு, உடை, இருப்பிடம், மருந்து, படிப்பு ஆகிய செலவு தகப்பன் கடமை. நாம் கடையில் செய்த தவறு இதுவே. தகப்பன் கொடுக்க வேண்டியதைக் கேட்பதற்குப் பதில், தாயிடம் இல்லாததைக் காட்டிப் பிள்ளையைப் பிரித்தோம்.

மூன்றாவது: தாய் மறுமணம் செய்தாலே பிள்ளை போய்விடும் என்பது சரியன்று. பிள்ளைக்கு உறவுமுறை அல்லாதவரை மணந்து, அதனால் பிள்ளையின் நலன் கெடுமானால் மட்டுமே உரிமை போகும். பிள்ளையைக் கொடுமைப்படுத்தினாலும், கவனியாமல் விட்டாலும், தகப்பன் மேற்பார்வை செய்ய இயலாதபடி இடம் மாறினாலும் போகும். ஆனால் தலாக்கான பெண் தாம் பிறந்த ஊருக்குப் பிள்ளையைக் கொண்டுபோவதற்குத் தடையில்லை.

நான்காவது: வளர்ப்பு தாயிடம் என்பதால் தகப்பன் அந்நியனாகிவிட மாட்டான். பிள்ளைக்கு வலீ அவனே. எந்நாளில், எவ்வளவு நேரம் பார்ப்பது, பெருநாளில் எங்கே இருப்பது என்பதையெல்லாம் நீதிமன்றம் உத்தரவில் எழுதலாம். பணம் தரவில்லை என்று பிள்ளையை மறைப்பதும் கூடாது. பிள்ளையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் கூடாது. இரண்டுக்கும் தனித்தனியே பிராது செய்ய வழி உண்டு.

கோர்ட்டு என்றவுடன் அஞ்ச வேண்டியதில்லை. முதலில் ஸுல்ஹு அதிகாரி முன் இருவரையும் அமர்த்திச் சமாதானம் பேசுவார்கள். அங்கே கண்ட உடன்பாடு நீதிமன்ற உத்தரவாகவே பதிவாகும். கடையில் எழுதிய தாளுக்கு அந்தப் பலம் இல்லை. வக்கீலுக்குப் பணமில்லாதோர் அரசாங்கச் சட்ட உதவித் துறையை நாடலாம்.

அந்த ஆலிமின் சொல்லைக் கேட்டபின் நாமே அச்சகோதரியின் வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டு, நீதிமன்றத்துக்கு வழி சொன்னோம். இன்று குழந்தை தாயிடம் வளர்கிறது. தகப்பனும் மாதந்தோறும் பணம் அனுப்புகிறார். குறித்த ஞாயிற்றுக்கிழமைகளில் சிம்பாங் பூலாய் வழியாக மலையேறி வந்து பிள்ளையை அழைத்துப் போகிறார். நம் கடை வாசலில்தான் பஸ்ஸுக்கு நிற்பார்கள். தகப்பன் விரலைப் பிடித்து நிற்கும் அப்பிள்ளையைக் காணும்போதெல்லாம், நாம் எழுதிய தாள் நினைவுக்கு வருகிறது.

ஆகவே ஜமாஅத்துப் பெரியவர்களே! மணமுறிவில் சமாதானம் பேசுங்கள், அது நன்மை. ஆனால் பிள்ளையைப் பங்கு வைக்கும் தாளை நீங்களாக எழுதாதீர்கள். பெற்றோரையும் பிள்ளைகளையும் அநீதியிலிருந்து அல்லாஹ் காப்பானாக! ஆமீன்.